ஜெரிஷ் சொல்லாமல் விட்டது

முகத்துக்கு வலை மாதிரி ஒரு மாஸ்க் செய்வார்கள் என்று மகன் ஜெரிஷ் சொன்னான், செய்தார்கள். கத்தி கிடையாது, மயக்க ஊசி கிடையாது, ஒரு ரோபோ கை தலையைச் சுற்றிச் சுற்றி வந்து கதிர் பாய்ச்சும், வலிக்காது என்றான், சத்தியமாக வலிக்கவில்லை. மொத்தம் அஞ்சு நாள், தினம் முக்கால் மணி நேரம், அன்றன்றைக்கு முடிந்ததும் வீட்டுக்கு வந்து ரசம் சாதம் சாப்பிடலாம் என்றான். அதுவும் நடந்தது. இப்படிப் புட்டுப் புட்டு வைக்கிற பிள்ளையை எந்தத் தாய் சந்தேகப்படுவாள்? நரம்பில் சின்ன வீக்கம் என்று அவன் சொன்னதையும் ஜெயலீலா அப்படியே நம்பினாள்.

மூன்றாம் நாள் ஜெரிஷுக்கு ஆபீஸில் ஏதோ தலைபோகிற மீட்டிங். மருமகள் ஷைனா ஃப்ரீமான்ட் ஊரிலிருக்கும் வீட்டிலிருந்து அவளைக் கொண்டுவந்து விட்டுவிட்டு, குழந்தையைக் கூட்டிவர டேகேருக்கு ஓடினாள். அதுவரை, மொழிபெயர்க்க ஆள் வேண்டாம், டாக்டரின் இங்கிலீஷை நானே அம்மாவுக்குச் சொல்லிவிடுகிறேன் என்று ஜெரிஷ் மறுத்துக்கொண்டிருந்தான். அன்று அவன் இல்லாததால் நர்ஸ் சக்கர ஸ்டாண்டில் பொருத்திய ஒரு டேப்லெட்டை உருட்டிக்கொண்டு வந்தாள். திரையில் ஒரு தமிழ்ப் பெண்.

"வணக்கம்மா, என் பேர் எழிலரசி. டாக்டர் சொல்றதை அப்படியே தமிழ்ல சொல்வேன்."

டாக்டர் பேசப் பேச அவள் சொன்னாள்: "இது முடிஞ்சு சில வாரம் சோர்வா இருக்கும், தலைவலி வரலாம். கட்டி உடனே மறையாது, மூணு மாசம் கழிச்சு ஸ்கேன்ல பார்ப்போம். நுரையீரல்லேர்ந்து மூளைக்குப் பரவின கேன்சர் மேல வளராம இது தடுக்கும். ஆனா நுரையீரல்ல இருக்கறதை முழுசா குணப்படுத்த முடியாதுன்னு போன மாசமே பேசினோம். அதுபத்தி ஏதாவது கேக்கணுமா?"

"யார்கிட்ட பேசினீங்க?" என்றாள் ஜெயலீலா.

டாக்டர் கம்ப்யூட்டரைப் பார்த்துச் சொன்னதை எழிலரசி தமிழில் சொன்னாள். "உங்ககிட்டதான். பையன் மொழிபெயர்த்தார். நீங்க தலையாட்டினீங்க."

தலையாட்டினாள்தான். அன்று ஜெரிஷ் சிரித்துக்கொண்டே பேசியதுகூட நினைவிருந்தது. பாவிப் பயல்! பெற்றவளைப் பொம்மை மாதிரி உட்காரவைத்து, அவள் சாவுக்கு அவளையே தலையாட்ட வைத்திருக்கிறான். கதிர் பாய்ச்சும்போது மாஸ்க்குக்குள் கண்ணைத் துடைக்கவும் வழியில்லை. கண்ணீர் காதுக்குள் போனது.

வீட்டில் யாரிடமும் வாய் திறக்கவில்லை. மறுநாள் ஆஸ்பத்திரியில் காத்திருக்கும்போது ஜெரிஷிடம் கேட்டாள்.

"எனக்குக் கேன்சராமே. ஏன்டா மறைச்சே?"

அவன் முகம் வெளுத்துப்போனது. "பயந்துடுவீங்கன்னுதாம்மா…"

"ஷைனாவுக்குத் தெரியுமா?"

"ம்."

"சர்ச்சுல?"

அவன் தரையைப் பார்த்தான். "ஜெபிக்கச் சொல்லி ஒரு prayer request மட்டும் குடுத்தேன்."

அடப்பாவி! வெள்ளிக்கிழமை ஜெபக்கூட்டத்தில் ஆளாளுக்குக் கையைப் பிடித்துக்கொண்டு கண்கலங்கியது இதற்குத்தானா? ஊருக்கே தெரியும், அவள் ஒருத்திக்குத்தான் தெரியாது.

"என் உயிர்டா அது! என்கிட்ட சொல்லாம ஊர்ல எல்லார்கிட்டயும் சொல்லியிருக்கே!"

ஜெரிஷ் உடைந்துபோய் நிமிர்ந்தான். "அப்பாவுக்குக் கேன்சர் வந்தப்போ அவர்கிட்ட மட்டும் சொன்னீங்களாம்மா? வாயே திறக்கக்கூடாதுன்னு என்னை சத்தியம் பண்ண வெச்சது நீங்கதானே? நான் வேற என்னத்தைக் கண்டேன்?"

எட்டு வருஷத்துக்கு முன்னால் சென்னை ஆஸ்பத்திரியில் கணவர் ஐசக் ஜெயலீலாவின் கையைப் பிடித்துக் கேட்டார், "ஜெயா, எனக்கு என்னன்னு உனக்குத் தெரியும். சொல்லேன்." அல்சர்தாங்க என்று சொல்லிவிட்டுப் போர்வையை இழுத்துவிட்டாள். அதற்கப்புறம் பதினோரு நாள்தான் இருந்தார். ஒரு வாய் தண்ணீர்கூட அவளிடம் கேட்கவில்லை, நர்ஸிடம்தான் கேட்டார். வலியில் பேச முடியவில்லை என்று வந்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். வலி இல்லை, கோபம். இப்போதுதான் உறைத்தது.

நர்ஸ் வந்து அழைத்தாள். ஜெரிஷ் வழக்கம்போல எழுந்தான்.

"நீ வராதே," என்றாள். "இங்கயே உக்காரு."

தனியாக உள்ளே போனாள். டேப்லெட்டில் தமிழ் பேசுகிற முகம் வந்ததும் முந்திக்கொண்டு சொன்னாள்: "எனக்கு இன்னும் எத்தனை மாசம்னு டாக்டரைக் கேளும்மா."