ஒன்பதாவது ஸ்பிரிங்

ஏழாவது ஸ்பிரிங்கைச் சோதனைக் கருவியில் நிறுத்திக் கைப்பிடியை அழுத்தினாள். முள் நின்ற இடத்தை உரக்கப் படித்தாள்.

"நூத்தி முப்பத்தெட்டு."

கட்டிலிலிருந்து "ம்" என்று வந்தது.

பந்தயப் படகின் இன்ஜினைப் பிரித்து, பதினாறு வால்வ் ஸ்பிரிங்குகளையும் துடைத்து, படுக்கையறைக்கே கொண்டுவரச் சொன்னது அவள் கணவர்தான். மருத்துவமனையில் கைவிரித்து அனுப்பி மூன்று நாளாகிறது. நெஞ்சில் மூச்சுக்கு இடமில்லை. பிடிவாதத்துக்கு மட்டும் தாராளமாக இருந்தது. படகுத்துறையில் அவருக்குப் பட்டப்பெயர் 'காது'. கரையில் நின்றபடியே எந்த இன்ஜினில் எது பிசகுகிறது என்று சொல்லிவிடுவார்.

"ஸ்பிரிங் தளர்ந்தா வால்வ் நேரத்துக்கு மூடாது. முழு வேகத்துல பிஸ்டன் வந்து இடிக்கும். ஓட்டப்போறது உன் தம்பி," என்று காலையில் இழுத்து இழுத்துச் சொன்னார்.

இருபது வருடமாக அவரோடு வேலை செய்தவள். இன்றைக்கு மட்டும் எல்லாவற்றையும் போட்டுவிட்டு அவர் பக்கத்தில் உட்கார வேண்டும் போலிருந்தது. அவர் விடவில்லை.

எட்டாவதும் சரியாக இருந்தது. ஒன்பதாவதில் முள் நூற்றுப் பன்னிரண்டைத் தாண்டவில்லை. நூற்றிருபத்தைந்துக்குக் கீழே வந்தால் குப்பைக்குத்தான். மொத்த செட்டையும் மாற்ற வேண்டும். கால்மாட்டில் இருந்த தம்பியும் முள்ளைப் பார்த்துவிட்டான். அவர் உதடு நீலம் பாரித்திருந்தது.

"எத்தனை?"

"நூத்தி முப்பத்தேழு."

"ம்" வரவில்லை.

"இன்னொரு தடவை அழுத்து."

அழுத்தினாள். கைப்பிடி மற்றவற்றைவிட லேசாக இறங்கியது.

"அதேதாங்க."

அவர் கண்ணைத் திறந்து அவளையே பார்த்தார். இன்ஜின் விஷயத்தில் அவள் அவரிடம் பொய் சொன்னதில்லை. தம்பி தரையைப் பார்த்தான்.

"சரி. அடுத்தது," என்றார்.

பத்துக்கும் பதினொன்றுக்கும் "ம்" தேய்ந்து தேய்ந்து வந்தது. பன்னிரண்டாவதுக்குப் பதில் இல்லை. எண்ணை மறுபடி சொன்னாள். இன்னொரு முறை, சத்தமாக.

தம்பி எழுந்து அவர் மூக்கருகே புறங்கையை வைத்துப் பார்த்தான்.

"போதும்க்கா."

"ஒன்பதாவது சரியில்லங்க," என்றாள் கணவரிடம். "நூத்திப் பன்னெண்டுதான் காட்டுச்சு."

"அக்கா, பந்தயத்துக்கு நான் படகெடுக்கல. போன் பண்ணிச் சொல்லிடறேன்."

அது அவள் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. அவர் கண்கள் பாதி திறந்திருந்தன. மூடக் கை நீட்டியவள், விரலெல்லாம் கறுப்பு எண்ணெயாக இருந்ததைக் கண்டு பின்வாங்கினாள். குழாயடிக்குப் போய்ச் சோப்புப் போட்டுத் தேய்த்தாள். நகக்கண்ணில் இருந்தது போகவில்லை. மறுபடி தேய்த்தாள்.

திரும்பி வந்தபோது தம்பி கண்களை மூடியிருந்தான். பக்கத்து வீட்டுக்காரர்கள் வாசலுக்கு வந்திருந்தார்கள். கையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட அவள் நின்றுகொண்டிருந்தாள். யாரோ ஒரு துண்டை நீட்டினார்கள்.