ராயப்பன் வயிற்றில் ஒரு திருகாணி

கால்நடை ஆய்வாளர் ராயப்பனுக்குத் தன் பேச்சின் மேல் அபார நம்பிக்கை. கள்ளக்குறிச்சியிலிருந்து கல்வராயன் மலைக்கு ஏறும் பஸ் வளைவுகளில் திணறும்போதுகூட, பேசப் போவதை உதடசைத்து ஒத்திகை பார்ப்பார். ‘விலங்குகளிடமிருந்து மனிதருக்குப் பரவும் நோய்கள்’ என்பது தலைப்பு. பேசி முடித்ததும் பலத்த கைதட்டல் என்று வீட்டில் சொல்வார். தட்டியது கூட வந்த அலுவலக ஆட்கள் என்பதைச் சொல்ல மாட்டார்.

அந்தத் திங்கட்கிழமை, வெள்ளிமலைக்கு அப்பால் ஒரு சிற்றூரில் கோழிகளுக்குத் தடுப்பூசி போட்டார். நூற்றுச் சொச்சம் கோழிகள். அவையும் சும்மா விடவில்லை. அவர் முழங்கை வரை எச்சமிட்டுத் தங்கள் பங்கைச் செய்துவிட்டே போயின. வேலை முடிந்ததும், அந்த ஊரில் கோழி வளர்க்கும் குஞ்சம்மாள் அவித்த மல்லாட்டையை முறத்தோடு நீட்டினாள்.

“கைய கழுவிக்கினு துன்னுங்க சார். சோப்பு அதோ கீதுங்க.”

“நமக்கெல்லாம் இது பழகிப்போச்சும்மா. என் கையப் பாத்தா கிருமியே ஓடிடும்” என்றார் ராயப்பன். பேன்ட்டில் கையைத் துடைத்துக்கொண்டு, கடலையை உரித்து உரித்து வாயில் போட்டார். நன்றாக இருக்கிறது என்று இன்னும் கொஞ்சம் கேட்டும் வாங்கினார்.

வியாழக்கிழமை அதே ஊர்ப் பள்ளிக்கூடத்தில் விழிப்புணர்வுக் கூட்டம். காலையிலிருந்தே வயிறு கடமுடவென்றது. முந்தின நாள் மனைவி தெரசா வைத்த சாம்பார்தான் காரணம் என்று அவளிடமே சொல்லிவிட்டு வந்து மைக்கைப் பிடித்தார்.

“ஆகவே பொதுமக்களே, கோழியைத் தொட்டால் கையைச் சோப்புப் போட்டு...”

நெற்றியில் வேர்வை அரும்பியது. “ஒரு நிமிஷம்” என்று மைக்கிலேயே சொல்லிவிட்டு ஓடினார். எந்தப் பக்கம் ஓடுவதென்று அவருக்குத் தெரியவில்லை.

“பின்னாடிங்க சார், பின்னாடி!” என்று கத்தினாள் குஞ்சம்மாள். கூட்டம் மொத்தமும் திரும்பிப் பார்த்தது.

திரும்பி வந்து, விட்ட வாக்கியத்தைத் தொட்டார். மறுபடியும் ஓடினார். மூன்றாம் முறை ஓடியபோது யாரும் எதுவும் கேட்கவில்லை. தரையில் உட்கார்ந்திருந்தவர்கள் காலை மடக்கி மரியாதையாக வழி விட்டார்கள். அந்த மரியாதைதான் அவரை அதிகம் வாட்டியது. மலையிலிருந்து இறங்கும்போது கண்டக்டரிடம் கெஞ்சி பஸ்ஸை இரண்டு இடத்தில் நிறுத்தினார்.

மறுநாள் காய்ச்சலோடு டாக்டரிடம் போனார். டாக்டர் மலப் பரிசோதனைக்கு அனுப்பினார். பரிசோதனைக் கூடத்தில் இருந்த லூசி நுண்ணோக்கியில் வெகுநேரம் பார்த்துவிட்டு அவரைக் கூப்பிட்டாள்.

“சார், நீங்களே வந்து பாருங்களேன்.”

பார்த்தார். திருகாணி போல் முறுக்கிய துளித்துளி உயிர்கள் விர்விர்ரென்று பாய்ந்துகொண்டிருந்தன.

“பாக்கறதுக்கு கேம்பைலோபேக்டர் கிருமி மாதிரி தெரியுதுங்க. கோழி எச்சத்துல ஜாஸ்தி இருக்கும். கோழியத் தொட்ட கையோட இன்னாவாவது சாப்டீங்களா?”

தன் விளக்கப் படத்தில் அதே கிருமியைத் தன் கையாலேயே வரைந்து, பச்சை வர்ணமும் அடித்திருந்தவர் அவர்.

“நான் இதைவிடக் குண்டா வரைஞ்சிருக்கேம்மா” என்றார்.

மாத்திரையும் உப்புச் சர்க்கரைக் கரைசலுமாக ஐந்து நாள் ஓடியது. “என் சாம்பாரையா சொன்ன?” என்று தெரசா ஐந்து நாளும் கேட்டாள். ராயப்பன் சுவரைப் பார்த்தபடி கரைசலைக் குடித்தார்.

அடுத்த மாதம் அதே ஊருக்குப் போக வேண்டியிருந்தது. வேறு ஆளை அனுப்பச் சொல்லிப் பார்த்தார், நடக்கவில்லை. பள்ளிக்கூட வாசலிலேயே சிலர் சிரிப்பை மறைக்க வாயைப் பொத்திக்கொண்டார்கள். ராயப்பன் மைக்கை வாங்கினார். ஒத்திகை பார்த்ததெல்லாம் மறந்துவிட்டது.

“போன தடவை நான் ஏன் ஓடினேன்னு சொல்லட்டுமா?” என்று ஆரம்பித்தார்.

மல்லாட்டையிலிருந்து லூசி வரை எதையும் மறைக்கவில்லை. சிரித்துச் சிரித்துச் சிலருக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. அவருக்கும் சிரிப்பு வந்தது. கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது. சிரிப்பு அடங்கியதும், ஆடு மேய்க்கும் செல்லமுத்து எழுந்தார்.

“சார், இந்தத் திருகாணி ஆட்டுகிட்டேருந்தும் வருங்களா?”

ராயப்பன் திகைத்துப்போனார். அவர் கூட்டத்தில் இதுவரை யாரும் கேள்வி கேட்டதில்லை.

“வரும்” என்றார். “உக்காருங்க, சொல்றேன்.”