முன்வரிசைத் தூக்கம்

பல்கலைக்கழகத்தின் பழைய மாணவர் சங்கம் வழியாக ஒரு மாணவியின் படிப்புச் செலவை ஏற்றுக்கொண்ட அன்று சாயங்காலமே, லிஃப்ட் பரிசோதகர் வேலை பார்த்த அவளுக்கு அந்த மாணவியின் களைப்பு வந்து சேர்ந்தது. சொந்தக் களைப்பு அல்ல என்பதில் சந்தேகமே இல்லை. அன்று விடுமுறை, காலையிலிருந்து அவள் ஒரு துரும்பைக்கூட நகர்த்தவில்லை. ஆனாலும் தோள் இரண்டும் கழன்று விழுவது போலிருந்தன. விரல் நுனிகள் தண்ணீரில் ஊறிச் சுருங்கிக் கிடந்தன, உள்ளங்கையில் சோப்பு வாடை அடித்தது. சங்கத்துக்குப் போன் செய்தாள். எழுத்தர், விண்ணப்பத்தில் எங்கே போட்டோ ஒட்டுவது என்று சொல்கிற குரலில் விஷயத்தைச் சொன்னார். "எல்லாருக்கும் வர்றதுதாம்மா. அந்தப் பொண்ணு ஆஸ்பத்திரி சலவைக்கூடத்துல வேலை பாத்துக்கிட்டே படிக்குது. களைப்போட படிச்சா மண்டையில ஏறுமா? அதான் கொடுக்கறவங்ககிட்ட வந்துடுது. படிப்பு முடிஞ்சு சங்கத்து விழாவும் ஆச்சுன்னா போயிடும். பிள்ளைங்ககிட்ட மட்டும் சொல்லிடாதீங்க, கூச்சப்படும்." முன்னாடியே சொல்லியிருக்கலாமே என்றாள். சொன்னால் யார் கொடுப்பார்கள் என்று எழுத்தர் திருப்பிக் கேட்டார்.

வருஷங்கள் கொட்டாவியில் போயின. லிஃப்டுக்குள் சாய்ந்து நின்றபடியே அவள் தூங்கிவிடுவாள். குடியிருப்பவர்கள் அவளோடு ஏறி, அவளோடு இறங்கி, பழகிப்போய், தூங்குகிறவளை எழுப்பாமல் போனார்கள். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்த கணவன், "காசு குடுத்துக் களைப்ப வாங்கிட்டு வந்தவ உலகத்துலயே நீ ஒருத்திதான்" என்று கேலி செய்தபடியே துணிகளை மடித்து வைப்பான். சிரிப்பெல்லாம் ஒருநாள் நின்றது. அடுக்குமாடிக் கட்டடம் ஒன்றில், நைந்துபோன இரும்புக் கயிற்றைப் பார்த்துவிட்டு, அரைத்தூக்கத்தில் 'சரி' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டாள். கூட வந்த மெக்கானிக் கவனித்ததால் அந்த லிஃப்ட் ஓடவில்லை. அன்று வீட்டுக்கு வந்து, இனி முடியாது, பணத்தை நிறுத்திவிடுகிறேன் என்றாள். நிறுத்தினால் களைப்பு திரும்பிப் போய் அந்தப் பெண்ணின் மேல் ஏறிக்கொள்ளும், அதுவும் கடைசி வருஷப் பரீட்சைக்கு முன்னால். அது இருவருக்கும் தெரிந்ததுதான்.

போனில் சொல்ல மனம் வராமல் சலவைக்கூடத்துக்கே போனாள். ஆவி பறக்கும் இயந்திரங்களுக்கு நடுவில் மாணவி ஈரப் படுக்கை விரிப்புகளை மலை போல வாரிக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தாள். அவள் ஒவ்வொரு சுமையாகத் தூக்கியபோதும் வாசலில் நின்றவளுக்கு இடுப்பு விண்ணென்று தெறித்தது. "களைப்பா இல்லியாம்மா?" என்று கேட்டாள். மாணவி முகமெல்லாம் சிரிப்பாக, "எனக்குக் களைப்பே வராதுக்கா. என் உடம்பு வாகு அப்படி" என்றாள்.

இதே சொல்லை, இதே பெருமையோடு, லிஃப்ட் பரிசோதகரும் ஒரு காலத்தில் சொல்லித் திரிந்தவள்தான். சட்டைத் தொழிற்சாலையில் விடிய விடியப் பொத்தான் தைத்துவிட்டு நேரே வகுப்புக்குப் போனவள். அவளைப் படிக்க வைத்தவர் வரைபடம் வரைகிற ஒரு பெரியவர். பட்டம் வாங்கிய வருஷம் சங்கத்து விழாவில் அவருக்கு நன்றி சொல்ல ராத்திரியெல்லாம் எழுதி மனப்பாடம் செய்து மேடையேறினால், மனிதர் முன்வரிசையில் வாயைத் திறந்துகொண்டு தூங்கினார். ஏழைப் பெண் பேச்சுதானே என்ற இளப்பம் என்று நினைத்தாள். கையைக்கூடக் குலுக்காமல் வந்துவிட்டாள். அவர் இறந்த செய்தி வந்தபோதும் போகவில்லை. இப்போது அந்தச் சலவைக்கூடத்து நீராவிக்குள் நின்று அழுதாள். மாணவி பதறி ஒரு துண்டை எடுத்துக் கொடுத்தாள். சோப்புக் காரம் கண்ணில் பட்டுவிட்டது என்று சொல்லி, வந்த விஷயத்தைச் சொல்லாமலே திரும்பினாள்.

மறுநாளே மேலதிகாரியிடம் போய், கட்டடம் ஏறும் வேலை வேண்டாம், அலுவலகத்திலேயே உட்கார வையுங்கள் என்று கேட்டு வாங்கிக்கொண்டாள். சம்பளம் குறைந்தது. மேசையில் தூங்குவதால் யாருக்கும் ஆபத்தில்லை.

அந்த வருஷ விழாவில் மாணவி மேடையேறியபோது, முன்வரிசையில் பணம் கொடுத்தவர்கள் எல்லாரும் வழக்கம்போல ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து கிடந்தார்கள். இவள் மட்டும் தொடையைக் கிள்ளிக்கொண்டு விழித்திருந்தாள். 'எனக்காக' என்ற சொல் வரைக்கும் காதில் விழுந்தது. கணவன் உலுக்கி எழுப்பியபோது நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள்.

"நல்லாப் பேசினாளா?"

"நல்லாத்தான் பேசுச்சு. நீ தூங்கறதப் பாத்ததும் முகம் செத்துப்போச்சு. கிட்டக்கூட வராம போயிடுச்சு."

"போகட்டும். கோவப்படவும் தெம்பு வேணும்ல."

வாசலில் எழுத்தர் அடுத்த பிள்ளையின் தாளோடு நின்றார். பேக்கரியில் வேலை பார்க்கும் பையன் என்றார். கணவன் அவளைப் பார்த்தான், பிறகு தன் சட்டைப் பையிலிருந்த பேனாவை எடுத்து நீட்டினான். பேருந்து நிறுத்தத்துக்கு வருவதற்குள் அவள் குதிகால் இரண்டும் வீங்கிவிட்டன, தலைமுடியிலெல்லாம் மாவு. செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு அவன் தோளில் சாய்ந்து பஸ்ஸுக்கு நின்றாள்.