குழாய்க்கு அடியில்

துணிக்கடைத் தெருவில் தீப்பிடித்து மூன்று பேர் இறந்த பழி முழுவதும் தீயணைப்பு நிலைய அதிகாரியின் தலையில் விழுந்தது. தண்ணீரைச் சரியாக அடிக்கத் தெரியாதவன் என்று ஆளாளுக்குப் பேசினார்கள். அடுத்த வாரமே நிலையத்துப் பயிற்சிக் கோபுரத்தின் அடியில் அவர் பிணமாகக் கிடந்தார். அவமானம் தாங்காமல் குதித்துவிட்டார் என்று போலீஸ் வழக்கை மூடிவிட்டது.

அவருடைய மனைவி அதை நம்பவில்லை. நேராக மோப்பக்காரியைத் தேடி வந்தாள்.

மோப்பக்காரி என்பது ஊர் வைத்த பெயர். சப் இன்ஸ்பெக்டராக இருந்தவள், மேலதிகாரிகளோடு ஒத்துப்போகாமல் வேலையை உதறிவிட்டு, பல் டாக்டர் ஒருவரின் மாடியில் ஒற்றை அறை பிடித்துத் துப்பறியும் நிலையம் என்று பலகை மாட்டியிருந்தாள். கீழே யாராவது அலறினால் மேலே கதை சொல்லிக்கொண்டிருப்பவர்கள் தாடையைப் பிடித்துக்கொள்வார்கள். மாப்பிள்ளை குடிப்பானா, சொன்ன வேலையில்தான் இருக்கிறானா என்று விசாரித்துச் சொல்வதில் பிழைப்பு ஓடியது. கொலை, கிலை என்று அவள் போனதில்லை.

"தோத்துப்போன முகம் எனக்குத் தெரியும்மா," என்றாள் வந்தவள். "கடைசியா வீட்டை விட்டுக் கிளம்பினப்போ அவர் முகம் அப்படி இல்ல. எதையோ கண்டுபிடிச்ச ஆள் மாதிரி பல்லைக் கடிச்சிட்டுப் போனார்."

மோப்பக்காரி உடனே சரி என்று சொல்லவில்லை. வழக்கை மூடியவர் துணைக் கமிஷனர். அவள் அக்காவின் புருஷன். அப்பா போன பிறகு அவளைத் தன் பிள்ளை மாதிரி படிக்கவைத்து, விடியற்காலையில் மைதானத்துக்கு இழுத்துக்கொண்டு போய் ஓடப் பழக்கி, காக்கிச் சட்டை போடவைத்தவர். அவர் போட்ட முடிச்சில் கை வைப்பது சொந்த வீட்டுக் கூரையில் கை வைப்பது போல. ஆனாலும் எதிரே உட்கார்ந்திருந்தவள் அழவில்லை, கெஞ்சவில்லை, எழுந்து போகவும் இல்லை. அந்தப் பிடிவாதம் மோப்பக்காரிக்குப் பிடித்துப்போயிற்று.

தீயணைப்பு வண்டியின் டிரைவர் முதலில் அவளைக் கண்டாலே நழுவினார். அவள் விடவில்லை. நிலையத்துக்கு எதிரே இருந்த டீக்கடையில் தினமும் போய் உட்கார்ந்தாள். கடைசியில் அவரே அலுத்துப்போய், கடைக்குப் பின்னால் நின்று நடந்ததைச் சொன்னார். அன்று தெருமுனையில் இருந்த சிவப்புத் தீயணைப்புக் குழாயில் ஹோஸை மாட்டித் திறந்தார்களாம். ஒரு சொட்டு வரவில்லை. அடுத்ததற்கு ஓடினார்கள், அதுவும் அப்படியே. வண்டித் தொட்டியில் இருந்த தண்ணீர் தீர்ந்த பிறகு நெருப்பை வேடிக்கை பார்க்கத்தான் முடிந்தது. அதிகாரிக்கு அது நெஞ்சில் முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்திருக்கிறது.

"இறந்த அன்னிக்கு மத்தியானம் வண்டியில இருந்த கடப்பாரையக் கேட்டு வாங்கிட்டுப் போனார்," என்றார் டிரைவர். "குழாய்க்கு அடியில என்ன இருக்குன்னு பாத்துட்டு வரேன்னார். கடப்பாரை திரும்பி வரல, அவரும் வரல. எனக்குப் பொண்ணுங்க இருக்காங்க மேடம். இத நான் யார்கிட்டயும் மூச்சு விடல."

மறுநாள் பட்டப்பகலில் மோப்பக்காரி ஸ்பானரோடு போய் ஒரு குழாயின் மூடியைத் திறந்தாள். உள்ளே கை விட்டால் வறண்ட துருவும் சிலந்திக் கூடும்தான். தெரு முழுக்கக் குழாய் பதித்த காண்ட்ராக்டர் மேயருக்குச் சம்பந்தி. அவருடைய ஆள் ஒருவன் எதிர்க்கடை வாசலில் நின்று இவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அன்று மாலையே துணைக் கமிஷனர் மாமா படியேறி வந்துவிட்டார். வெளியே மழை பிடித்துக்கொண்டிருந்தது. குடையை மூலையில் சாய்த்துவிட்டு, அக்கா உன்னை நினைத்துக் கவலைப்படுகிறாள், அந்தப் பெண்ணின் துக்கத்துக்கு நீ தூபம் போடாதே என்று நயமாகப் பேசினார். வேறு நல்ல வேலை வாங்கித் தருவதாகவும் சொன்னார்.

"விட்டா நீயும் அந்தாள மாதிரி கடப்பாரையத் தூக்கிட்டுத் தெருவத் தோண்டக் கிளம்பிடுவ போல," என்று சிரித்தார்.

கேட்காமல் விட்டுவிடலாமா என்று மோப்பக்காரிக்கு ஒரு கணம் தோன்றியது. கேட்டுவிட்டாள்.

"கடப்பாரைய நீங்க எங்க பாத்தீங்க மாமா? கேஸ் கட்டுல அது இல்ல. அவர் மனைவிக்கே தெரியாது. குடுத்தவர் என்னத் தவிர யார்கிட்டயும் சொல்லல."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"காண்ட்ராக்டர் ஆளுங்களோட போய்ப் பேசிப் பாக்கச் சொன்னாங்க, பேசினேன். நான் கிளம்பறப்போ அவன் உயிரோடதான் இருந்தான் பாப்பா. கூட வந்தவங்க என்ன செய்வாங்கன்னு எனக்குத் தெரியாது."

"தெரிஞ்சப்புறம் என்ன செஞ்சீங்க?"

எழுந்து கதவருகே போனவர், "உன் அக்காவ நெனச்சுப் பாரு," என்றார். குடையை எடுக்காமலே மழையில் இறங்கிப் போனார்.

அவள் அக்காவை நினைத்துத்தான் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு, தீயில் தம்பியைப் பறிகொடுத்த ஜவுளிக்கடைக்காரரின் வீட்டுக்குப் போனாள். போலீஸில் சொன்னால் விடிவதற்குள் குழாய்களே காணாமல் போய்விடும் என்று அவளுக்குத் தெரியும். தெருவே பார்க்கும்படிதான் தோண்ட வேண்டும்.

மறுநாள் காலையில் கடைகள் திறக்கும் நேரத்துக்கு அதிகாரியின் மனைவி வந்துவிட்டாள். டிரைவரிடமும் அவளே போய்ப் பேசியிருப்பாள் போல. அவரும் சீருடையோடு, கையில் புதுக் கடப்பாரையோடு வந்து நின்றார். முதல் குத்து மோப்பக்காரி குத்தினாள். உள்ளங்கை கொப்புளித்ததும் ஜவுளிக்கடைக்காரர் வாங்கிக்கொண்டார். கூட்டம் கூடியது. காண்ட்ராக்டரின் ஆட்கள் வந்து பார்த்துவிட்டு, வந்த வழியே நழுவினார்கள். சிவப்புக் குழாய் ஆடிச் சாய்ந்தபோது அதன் அடியில் ஒரு சிமெண்டுக் கட்டியும் மணலும்தான் இருந்தன. பைப்பே இல்லை. யாரோ அடுத்த குழாயை நோக்கி நடந்தார்கள். மத்தியானத்துக்குள் தெருக்குழாய்கள் அத்தனையும் பிடுங்கப்பட்டு, அறுத்துப் போட்ட மரங்கள் போல ரோட்டில் கிடந்தன. ஊரே போனில் படம் பிடித்தது. விரட்ட வந்த இன்ஸ்பெக்டர் குழிக்குள் எட்டிப் பார்த்தார், அதிகாரியின் மனைவியைப் பார்த்தார். புகாரை எழுதிக்கொள்வதைத் தவிர அவருக்கு வேறு வழி இருக்கவில்லை.

காண்ட்ராக்டர் மாமியார் வீட்டு மாடியில் பிடிபட்டார். கோபுரத்திலிருந்து தள்ளியவர்கள் அவருடைய ஆட்கள் இருவர்தான். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் காட்டிக்கொடுத்தார்கள். மாமா முதலில் வேலையிலிருந்தும், பிறகு வீட்டிலிருந்தும் இறக்கப்பட்டார். தனக்கு எதுவுமே தெரியாது என்று சொன்ன மேயர் மட்டும் இன்னும் நாற்காலியில் ஒட்டிக்கொண்டிருந்தார்.

அக்கா ஒரே ஒருமுறை அந்த மாடி ஏறி வந்தாள்.

"அவர் உங்கிட்ட வந்துட்டுப் போன அன்னிக்கே எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல?"

"சொல்லியிருந்தா நீ அழுதிருப்ப. நான் அதோட விட்டிருப்பேன்க்கா."

அக்கா இறங்கிப் போனாள். மோப்பக்காரி ஜன்னல் வழியாக அவள் தெருவைக் கடக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள். கண் கலங்கியது, அதற்காக அவள் உட்கார்ந்துவிடவில்லை. மேயரிடம் முன்பு கார் ஓட்டியவன் பேசச் சம்மதித்திருந்தான். அறையைப் பூட்டிவிட்டு அவனைப் பார்க்கக் கிளம்பினாள்.