தோளில் மிஞ்சிய விரல்கள்

1
இந்தக் கதை ஒரு தோளிலிருந்து வந்தது. சரியாகச் சொன்னால், தோள்மேல் மிஞ்சிய நான்கு விரல்களிலிருந்து. கானா நாட்டில் எங்கள் ஊர் கூமாசி. 'கூமாசியில் அன்று மழை' என்று தொடங்கினேன். மழை இல்லை. அடித்துவிட்டேன். இழவு போஸ்டர் போடும் கடையில் படம் திருத்துகிறவள் நான். எங்கள் வீட்டின் முதல் பட்டதாரி. படித்தது சமூகவியல், கிடைத்தது இது.

2
போவாடு மாமா மெமரி கார்டோடு வந்தார். இறந்தவன் அவருடைய அக்காள் மகன் நிமோ. எங்களில் பிணம் தாய்வழிக் குடும்பத்துக்குச் சொந்தம். போஸ்டரில் யார் இருக்கலாம் என்பதையும் அவர்கள்தான் சொல்வார்கள். படத்தில் நிமோவும் செர்வாவும். பெண்ணின் அப்பாவுக்கு ஜின் பாட்டில் வைத்துப் பெண் கேட்ட அன்று எடுத்தது; எங்களில் அதுதான் கல்யாணம்.

"இவள எடுத்துடு தாயி."

"பொண்டாட்டி இல்லையா மாமா?"

"ஆறு வருசம் சும்மா கூட இருந்தா. பாட்டில் வச்சத நீ பாத்தியா?"

"படம் பாத்துச்சே."

"பட்டம் வாங்குன வாயி, நீளத்தான் செய்யும்." சிரித்தார். "கார்டுலயே, அதே பேர்ல சேமி. ரெண்டு படம் வேணாம்."

செர்வாவைச் சுற்றிக் கோடு இழுத்தேன். 'நிரப்பு' என்பதை அழுத்தினேன். போனது யார் என்று கணினிக்குக் கவலையில்லை. பக்கத்தில் இருப்பதை எடுத்து ஓட்டையை மூடும். பின்னாலிருந்த மஞ்சள் திரை அவள் நின்ற இடத்துக்கு வந்தது. திரையில் ஒரே பூ இரண்டு முறை. அவ்வளவுதான் அவள்.

(இங்கே 'கை நடுங்கியது' என்று எழுதியிருந்தேன். நடுங்கவில்லை.)

3
மறுநாள் செர்வா வந்தாள்.

"தங்கச்சி, பழைய படத்தக் குடு. வீட்ட விட்டுப் போங்கறாங்க. கோர்ட்டுல காட்ட அது ஒண்ணுதான். அவரு போனு விபத்துல நொறுங்கிடுச்சு. பாட்டில் வாங்குன எங்கப்பா செத்தாச்சு. பாட்டில தூக்கிட்டு வந்ததே அந்த மாமாதான், இப்ப வாயத் தொறக்க மாட்டேங்கறாரு."

"தெரியாம அது மேலயே சேமிச்சுட்டேன்க்கா."

(பொய். எல்லாப் படத்துக்கும் பிரதி எடுத்துவைப்பது என் வழக்கம். அன்று எடுக்கவில்லை. மாமா சொன்னார், செய்தேன். என்னைக் கோபக்காரி என்று நினைத்திருந்தேன். என் கோபம் வாயோடு சரி.)

அவள் கணினித் திரைப் பக்கம் குனிந்தாள்.

"இது என் விரலு."

நிமோவின் தோளில் நான்கு விரல்கள், கோட்டுக்கு வெளியே தப்பியவை.

"மோதிரம் பாரு. அவரு போட்டது."

"விரல வச்சு கோர்ட்டு என்னக்கா நம்பும்?"

"நம்ப வேணாம். செவத்துலயாச்சும் நான் இருக்கறேன். அத மட்டும் விட்ரு."

விடுகிறேன் என்றேன்.

4
இந்தக் கதைக்கு முதல் முடிவு: பழைய படத்தை எப்படியோ மீட்கிறேன். எழுதிப் பார்த்தேன். மூன்று முறை தேடியும் பார்த்தேன். இல்லை.

இரண்டாவது: விரல்களோடு போஸ்டர் ஒட்டப்படுகிறது, 'இது யாரு கை?' என்று ஊர் கேட்கிறது. இதை ஒரு பகல் முழுக்க நம்பினேன்.

மூன்றாவது: அச்சுக்குப் போகும் முன் மாமா வந்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "தோள்ல என்ன இது, பூச்சி மாதிரி? தொடச்சிடு." நான் அந்த விரல்களைச் சுற்றிக் கோடு இழு

இந்த வாக்கியத்தை நான் முடிக்கப்போவதில்லை. நீங்கள் நிரப்பிக்கொள்ளுங்கள். ஆனால் பக்கத்தில் இருப்பதை வைத்துத்தான் எதையும் நிரப்ப முடியும். பக்கத்தில் நான் மட்டும்தான் இருக்கிறேன்.