மெத்தைக் கம்பெனியிலிருந்து ஒரு மன்னிப்பு

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை நானாக யோசித்ததல்ல, ஓசியில் கிடைத்தது. பத்திரிகைகளுக்கு அனுப்பிய என் கதைகள் எதற்கும் பதில் வரவில்லை. அதனால் என் மெயில்கள் ஸ்பேமில் விழுகின்றன என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். (கதைகள் மோசமாக இருக்கலாம் என்ற இன்னொரு சாத்தியத்தை மனம் ஏனோ ஏற்கவில்லை.) மெயில்களை ஸ்பேமில் விழாமல் காப்பாற்றுவதையே வேலையாகக் கொண்ட ஒருத்தியிடம் யோசனை கேட்கப் போனேன்.

"உங்க மெயில் இன்பாக்ஸுக்குத்தான் போகுது சார். அவங்க படிச்சுட்டுதான் பேசாம இருக்காங்க" என்றாள்.

அந்தக் கடுப்பில்தான் அவளைப் பற்றியே எழுத உட்கார்ந்தேன். ஊரார் மெயிலையெல்லாம் சேர்ப்பிக்கிறவளால் தன் அக்காவுக்கு எழுதிய ஒரே ஒரு மெயிலைச் சேர்ப்பிக்க முடியவில்லை. கதை அவ்வளவுதான்.

2

சன்னலுக்கு வெளியே மழை பெய்துகொண்டிருந்தது. அவள் கணினியின் முன்னால்

வேண்டாம். அந்த அறைக்குச் சன்னலே கிடையாது. மெத்தைக் கிடங்குக்கு மேலே ஓர் அறை. எந்நேரமும் புது பிளாஸ்டிக் உறையின் நாற்றம். அலுவலகத்தில் அவளுக்குப் பட்டப்பெயர் போஸ்ட்மாஸ்டர். மெத்தை வாங்கியவர்களுக்கும், வாங்காதவர்களுக்கும், வாங்கவே மாட்டேன் என்று சத்தியம் செய்தவர்களுக்கும் மெயில் அனுப்புவது அவள் வேலை. முதலாளிக்கு ஆச்சரியக்குறி என்றால் உயிர்.

"சப்ஜெக்ட்ல 'இலவசம்'னு போடும்மா. பக்கத்துல நாலு ஆச்சரியக்குறி போடு."

"நேரா குப்பைக்குப் போயிடும் சார்."

"அப்ப நம்ம மெத்தை குப்பையா?"

அவளுக்கு ஒரு வழக்கம் உண்டு. எந்த மெயிலையும் ஊருக்கு அனுப்புமுன் சொந்தக்காரர்கள் ஏழெட்டுப் பேருக்கு அனுப்பிப் பார்ப்பாள். சித்தி, மாமா, அக்கா என்று ஆளுக்கொரு வகை மெயில் கணக்கு. யாருக்கு இன்பாக்ஸில் வந்தது, யாருக்கு ஸ்பேமில் விழுந்தது என்று போனில் கேட்டுக்கொள்வாள். இதனால் சித்தி ஒரு மெத்தைகூட வாங்காமலே மெத்தை நிபுணராகிவிட்டாள்.

3

இனி அக்கா. இங்கே என் கிண்டலுக்குக் கொஞ்சம் கால் பின்னுகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

அக்காவின் கணவர் சொல்லாமல் கொள்ளாமல் வேறொருத்தியின் வீட்டுக்குக் குடிபோய்விட்டார். தூக்கம் போன அந்த நாட்களில் அக்கா தங்கைக்கு ஒரு மெயில் எழுதினாள். போனில் பேசினால் அழுகை வந்துவிடும் என்று பயம். அந்த மெயிலில் ஒரு வாக்கியம் இருந்தது.

அந்தச் சமயம் கம்பெனி மெயில்கள் மொத்தமும் ஸ்பேமுக்குப் போய்க்கொண்டிருந்தன. எங்கிருந்தோ வாங்கிய முகவரிகளுக்கெல்லாம் முதலாளி அனுப்பச் சொன்னதன் பலன். "அடுத்த மெயிலும் போகலைன்னா வேற ஆளைப் பாத்துக்கறேன்" என்றார். மனிதர்கள் திறந்து, படித்து, பதில் எழுதுகிற மெயிலைத்தான் ஸ்பேமைப் பிரிக்கும் இயந்திரம் நம்பும். தங்கை அக்காவின் வாக்கியத்தை அப்படியே எடுத்து சப்ஜெக்டில் போட்டாள். பெயர் இல்லை, ஆச்சரியக்குறி இல்லை. கீழே மெத்தை. ஊரே திறந்து படித்தது.

"இதுதாம்மா எழுத்து!" என்றார் முதலாளி. (என்னிடம் இதுவரை யாரும் அப்படிச் சொன்னதில்லை.)

சொந்தக்காரர்கள் பட்டியலிலிருந்து அக்காவின் முகவரியை எடுக்க அவள் மறந்திருந்தாள். தன் துக்கம் தனக்கே மெத்தை விளம்பரமாக வந்து சேர்ந்ததை அக்கா படித்தாள். ஸ்பேம் என்று குறித்தாள். தங்கையின் போன் எண்ணையும் தடுத்தாள். நேரில் போய்க் கதவைத் தட்டியபோது உள்ளே இருந்து குரல் மட்டும் வந்தது.

"போய் எழுதிக்கோ. இதையும் எழுதிக்கோ."

4

வேறு யாராக இருந்தாலும் மன்னிப்பை எழுதி அனுப்பியிருப்பார்கள். இவள் தொழில்காரி. புது முகவரியிலிருந்து அனுப்பினாலும் 'உடனே', 'கடைசியாக ஒருமுறை', 'என்னை நம்பு' என்றெல்லாம் இருந்தால் இயந்திரம் சந்தேகப்படும். மன்னிப்புக் கேட்கிறவர்களும் மோசடிக்காரர்களும் ஏறக்குறைய ஒரே சொற்களைத்தான் பயன்படுத்துகிறார்கள் என்பதை அவள் அன்றுதான் கவனித்தாள். அடித்தாள், திருத்தினாள். பிறகு, கைப்பழக்கம், போய்ச் சேருமா என்று பார்க்கச் சொந்தக்காரர்களுக்கு முதலில் அனுப்பினாள்.

சித்தி உடனே கூப்பிட்டாள். "இன்பாக்ஸ்லதான்டி வந்துச்சு. படிச்சுட்டு அழுதுட்டேன். நீ என்னைக் குண்டுன்னு சொன்னதுக்குத்தானே? அதை எப்பவோ மன்னிச்சுட்டேன்."

"சித்தி, அது உங்களுக்கு இல்ல. 'அக்கா'ன்னு போட்டிருக்கேனே."

"சின்னவளாத் தெரியறேனாக்கும்னு நெனச்சேன்."

மாமாவும் மன்னித்துப் பதில் போட்டார். எதற்கென்று அவர் சொல்லவில்லை, இவளும் கேட்கவில்லை. குடும்பமே மன்னித்தது. பிறகு அக்காவுக்கு அனுப்பினாள். அது எங்கே விழுந்தது என்று போனில் கேட்க வழியில்லை. ஸ்பேமில் விழுந்திருந்தால் கொஞ்ச நாளில் தானாகவே அழிந்துவிடும்.

5

முடிவு அ: அக்கா ஸ்பேமைத் திறக்கிறாள், அழுகிறாள், போன் செய்கிறாள். (மெத்தை விளம்பரத்தில்கூட இவ்வளவு சுலபமாக எதுவும் சரியாவதில்லை.)

முடிவு ஆ: அக்கா எப்போதோ பதில் எழுதிவிட்டாள், அது தங்கையின் ஸ்பேமில் கிடக்கிறது. (பாதியிலேயே ஊகித்தவர்களுக்கு வாழ்த்துகள்.)

முடிவு இ: அக்கா

தெரியாது. எனக்கும் தெரியாது, போஸ்ட்மாஸ்டருக்கும் தெரியாது. இதுவரை எழுதியதை அவளிடம் காட்டினேன். படித்துவிட்டு, "அக்காவோட வாக்கியம் எங்க சார்?" என்றாள்.

"போடல."

"அதைப் போட்டாத்தான் சார் கதை நிக்கும்" என்றாள். சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவளுக்கே கேட்டது. முகம் செத்துவிட்டது.

அவள் சொன்னது சரிதான். அந்த வாக்கியம் எனக்குத் தெரியும். இதுதான் அதற்கான இடம்:

[                              ]

போட்டால் நீங்கள் கலங்குவீர்கள். பத்திரிகைக்காரர்கள்கூடப் பதில் போடலாம். மூன்றாம் பகுதியிலிருந்தே அது என்ன வாக்கியம் என்று உங்களுக்கும் ஒரு குறுகுறுப்பு இருந்ததில்லையா? அப்படியானால் அக்கா மன்னிக்க வேண்டியவர்கள் இப்போது தங்கையோடு சேர்த்து மூன்று பேர்.

இந்தக் கதையை அக்காவிடம் காட்டிச் சம்மதம் கேட்பதா, பேசாமல் பத்திரிகைக்கு அனுப்புவதா? நீங்களே சொல்லுங்கள். நீங்கள் இதை அச்சில் படித்துக்கொண்டிருக்கிறீர்கள் என்றால், உங்கள் பதிலுக்கு நான் காத்திருக்கவில்லை.