நீல வண்டியை அவள் கேட்ட காரணம்

பழைய கார் மறுபடியும் நடுரோட்டில் மூச்சை விட்டபோது, இனி வாங்கினால் மின்சாரக் கார்தான் என்று வீட்டில் முடிவாயிற்று. முடிவு இருவருடையது, பைத்தியம் பிடித்தது கணவருக்கு மட்டும். பல் மருத்துவர்களுக்குச் செயற்கைப் பல் செய்து கொடுக்கும் கூடத்தில் அவருக்கு வேலை. ஒரு பல் மயிரிழை உயர்ந்தாலும் வாய் மூடாது என்கிற தொழில். அந்தப் புத்தியை அப்படியே கார்கள் மேல் திருப்பினார். சாப்பிடும்போதும் ஒரு கையில் கைபேசி. அதில் யாராவது ஒருவர் ஏதாவது ஒரு காரின் கதவைத் திறந்து மூடிக்கொண்டிருப்பார். இத்தனைக்கும் அவருக்குக் கார் ஓட்டத் தெரியாது.

ஓட்டுபவள் மனைவி. அதுதான் அவள் தொழிலும்கூட. ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் ஆசிரியை. ஊரில் பாதிப் பேர் அவளிடம் திட்டு வாங்கிய பிறகே உரிமம் வாங்கினார்கள். ‘பிரேக்கம்மா’ என்றால் எல்லோருக்கும் தெரியும். வண்டியில் ஒரு கீறல் விழ விட்டதில்லை. தினமும் கணவரைக் கூடத்தில் இறக்கிவிட்டுத்தான் பள்ளிக்குப் போவாள். “உங்களுக்கு எதுக்கு ஓட்டத் தெரியணும்? நான் என்ன உங்களை விட்டுட்டு ஓடியா போயிடப் போறேன்?” என்பாள்.

வடிகட்டி வடிகட்டிக் கடைசியில் மூன்று வண்டிகள் நின்றன. விளம்பரத்தில் பார்த்த நிறத்தை வைத்து வீட்டில் அவற்றுக்குப் பெயர் விழுந்தது. வெள்ளை, நீலம், சிவப்பு. வெள்ளை ஒருமுறை சார்ஜ் ஏற்றினால் ஐந்நூறு கிலோமீட்டர் போகும் என்றது கம்பெனி. ஏசி போட்டு, மேடேறி, நாலு பேரை ஏற்றிக்கொண்டால் நானூறு என்றார்கள் வாங்கியவர்கள். அதுவே தாராளம். வெளியூரில் இருக்கும் மகள் வீட்டுக்கு எங்கும் நிற்காமல் போய்விடலாம். மகள் மாசமாக இருந்தாள். நீலம் முந்நூறைத் தொட்டாலே பெரிய விஷயம். விலையோ வெள்ளையைவிட ஒரு படி மேலே. ஏன் என்று கேட்டால் எல்லாம் மென்பொருள் என்றார்கள். சுற்றிலும் கேமரா, ரோட்டுக் கோட்டைத் தாண்டினால் ஸ்டீயரிங் அதிரும், யாராவது குறுக்கே வந்தால் தானே நிற்கும். சிவப்பு எல்லாவற்றிலும் மலிவு. தூரமும் குறைவு, மூளையும் குறைவு. ஊருக்குள் காய்கறி வாங்கப் போய்வர லாயக்கு.

“வெள்ளைதான். இதுல யோசிக்க என்ன இருக்கு?” என்றார் அவர்.

“நீலம்” என்றாள் மனைவி.

கிண்டல் செய்கிறாள் என்றே நினைத்தார். பயிற்சிப் பள்ளியில் புதிதாக வந்த வண்டி ஒன்று சும்மா சும்மா பீப் பீப் என்று கத்தியபோது, அந்த ஒலிபெருக்கியின் மேல் தடிமனாகத் தாளை ஒட்டி வாயை அடைத்தவள் இவள்தான். நான் சொல்வதை வண்டி கேட்கட்டும், வண்டி சொல்வதை நான் கேட்க மாட்டேன் என்று சட்டம் பேசியவள்.

“விலை அதிகம், போற தூரம் கம்மி. எந்தக் கணக்குல அது நல்ல வண்டி?”

“ஓட்டப்போறது நான்தானே? எனக்குப் பிடிச்சிருக்கு. விடுங்க.”

எதையும் விடாமல் வாதாடுகிறவள் அவ்வளவு சீக்கிரம் ‘விடுங்க’ என்றது அவருக்கு என்னவோபோல் இருந்தது. இரண்டையும் ஓட்டிப் பார்த்துவிட்டுப் பேசலாம் என்று சமாதானம் ஆனார்கள்.

வெள்ளையை முதலில் ஓட்டினாள். அவர் பக்கத்தில் உட்கார்ந்து, மிச்சத் தூரம் காட்டும் எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். ஊரைச் சுற்றி வந்தும் அது பெரிதாக இறங்கவில்லை. அவருக்கு வாயெல்லாம் பல். “எப்படி?” என்றார். “நல்லாத்தான் இருக்கு” என்று இறங்கிக்கொண்டாள்.

நீலத்தில் விற்பனைப் பெண் பின் சீட்டில் ஏறிக்கொண்டாள். வாய் ஓயவில்லை. “அக்கா, எல்லாத்தையும் இது பாத்துக்கும்க்கா. நீங்க சும்மா உக்காந்தா போதும்.” சுற்றிப் போகிற வண்டிகளும் ஆட்களும் திரையில் சின்னச் சின்ன உருவங்களாக நகர்ந்தன. மனைவி சாலையைவிட அந்தத் திரையை அதிகம் பார்ப்பதாக அவருக்குத் தோன்றியது. புதுசு, ஆசையாகப் பார்க்கிறாள் என்று நினைத்துக்கொண்டார்.

கடைத்தெருவில் இடதுபக்க நடைபாதையிலிருந்து ஒரு பெண் இறங்கினாள். இடுப்பில் குழந்தை. அவர் தூரத்திலேயே பார்த்துவிட்டார். தான் பார்த்ததை மனைவி அதற்கு முன்பே பார்த்திருப்பாள். இருபது வருஷமாக அப்படித்தான். வேகம் குறையும் என்று காத்திருந்தார். குறையவில்லை. அவர் வாயைத் திறப்பதற்குள் வண்டி தானாகவே பிரேக்கை அழுத்தி நின்றது. பெல்ட் நெஞ்சைப் பிடித்து இழுத்தது. திரை முழுக்கச் சிவப்பு. அந்தப் பெண் கண்ணாடிக்கு வெளியே கையை நீட்டி ஏதோ திட்டிவிட்டுக் கடந்து போனாள்.

“பாத்தீங்களாக்கா! சொன்னேன்ல!” விற்பனைப் பெண்ணுக்குத் தலைகால் புரியவில்லை. “வேணும்னே விட்டுப் பாத்தீங்கதானே? நிறைய பேருக்கு அந்தத் தைரியம் வராதுக்கா!”

“ஆமா” என்றாள் மனைவி. கடந்து போனவளைத் தலையை முழுக்கத் திருப்பித் தேடினாள். அவர் அதைப் பார்த்தார். பல மாதங்களாகப் பார்த்தும் பார்க்காமல் விட்டதெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்தது. இருட்டியபிறகு வண்டி எடுக்க மறுத்தது. கதவு நிலையில் தோளை இடித்துக்கொண்டது. தூசி விழுந்துவிட்டது என்று கண்ணில் சொட்டு மருந்து விட்டுக்கொண்டது.

ஷோரூமுக்குத் திரும்பியதும், விலை விவரம் எடுத்துவர விற்பனைப் பெண் உள்ளே போனாள். இருவரும் வாசல் பெஞ்சில் உட்கார்ந்தார்கள்.

“எவ்வளவு நாளா?” என்று கேட்டார்.

அவள் மழுப்பவில்லை. “இடதுபக்கம் போய் ஒரு வருஷம் இருக்கும். இப்ப வலதும் ஆரம்பிச்சிருக்கு. நேரா பாத்தா எல்லாம் தெரியுதுங்க. ஓரம்தான் இல்ல.”

“டாக்டர் என்ன சொன்னார்?”

“கண்ணுக்குள்ள அழுத்தமாம். போனது போனதுதானாம். இருக்கறதைக் காப்பாத்தத்தான் மருந்து. வண்டியைத் தொடக்கூடாதுன்னார்.”

“அதுக்கப்புறமும் ஓட்டினியா? என்னை வச்சுக்கிட்டா?”

“வேற என்ன தெரியும் எனக்கு?” குரல் உடைந்தது. “கத்துக்கறவங்க ஓட்டறாங்க, நான் பக்கத்துலதானே இருக்கேன்னு என்னையே ஏமாத்திக்கிட்டேன். இந்த வண்டி வந்துட்டா ஓரத்தை அது பாத்துக்கும்னு நெனச்சேன்.” சாலைப் பக்கம் திரும்பிக் கேட்டாள். “அது கையில என்ன வச்சிருந்துச்சு, அந்தப் பொண்ணு?”

அவருக்குப் பொய் சொல்லத் தோன்றியது. சொல்ல முடியவில்லை.

“குழந்தை.”

அவள் முகத்தை மூடிக்கொண்டாள். நீல வண்டியின் விலையோடு வந்த விற்பனைப் பெண் என்ன ஏது என்று தெரியாமல் தள்ளியே நின்றாள். பழுது பார்த்து ஓட்டி வந்த பழைய காரை அங்கேயே ஓரமாக விட்டுவிட்டு, இருவரும் பஸ் பிடித்து வீட்டுக்கு வந்தார்கள்.

மறுவாரம் பயிற்சிப் பள்ளி முதலாளியிடம் நடந்ததைச் சொன்னாள். அவர் நல்ல மனிதர். ஆபீசில் உட்கார்ந்து போன் எடுங்கம்மா, போதும் என்றார். கொஞ்ச நாள் போனாள். ஜன்னலுக்கு வெளியே வண்டிகள் கிளம்புகிற சத்தம் தாளாமல் நின்றுவிட்டாள்.

மகள் போனில் அழுதாள். அம்மாவைத் திட்டித் தீர்த்தபிறகு அப்பாவைக் கேட்டாள்: “கூடவே இருந்தும் உங்களுக்குத் தெரியலையாப்பா?” ஊரான் வாயில் மயிரிழைப் பிசகைக் கண்டுபிடிக்கிறவர் போனை மனைவி கையிலேயே திருப்பிக் கொடுத்தார். பிரசவத்துக்கு ரயிலில் போனார்கள். பேரனை மடியில் வைத்துக்கொண்டு, முகத்துக்கு நேராகத் தூக்கித் தூக்கிப் பார்த்தாள் அவள். மகள் அதைப் பார்க்க முடியாமல் எழுந்து போய்விட்டாள்.

ஊர் திரும்பியதும் அவர் ஓட்டக் கற்றுக்கொள்ளச் சேர்ந்தார், வேறொரு பள்ளியில். அவளே சொல்லித்தருவாள் என்று எதிர்பார்த்தார், முடியாது என்றுவிட்டாள். முதல் தேர்வில் தோற்று, இரண்டாவதில் தேறினார். வாங்கியது சிவப்பு. அவர் அதை எதோடும் ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. ஊருக்குள் மெதுவாகப் போய்வர ஒரு வண்டி வேண்டும், அவ்வளவுதான்.

வண்டி வந்த அன்று பிற்பகல் அவளை ஏற்றிக்கொண்டு கிளம்பினார். ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடித்ததில் அவர் உள்ளங்கை வேர்த்தது.

“தோளை இறக்குங்க” என்றாள். “இவ்வளவு ஒட்டிப் போகாதீங்க. ம்… இப்ப சரி.”

அப்புறம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. அவர் திரும்பப் போனார்.

“என்னைப் பாக்காதீங்க. ரோட்டைப் பாருங்க.”

“நிறுத்தட்டுமா?”

“வேணாம். நல்லாத்தான் ஓட்டறீங்க.” மறுபடி உறிஞ்சினாள். “போங்க.”

எதிரே லாரி ஒன்று வந்துகொண்டிருந்தது. அவர் சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல் போனார்.